நிலைமின் வீழ்படிவாக்கி

நிலைமின் வீழ்படிவாக்கி என்பது, தொழிற்சாலைப் புகையில் கலந்துள்ள நுண்துகள்களை உயர் மின்னழுத்தத்தின் உதவியால் பிரித்தெடுக்கும் ஒரு கருவி ஆகும். புகைவளிமத்தின் ஒரு பகுதியை மின்னணுவாக்கி (அயனியாக்கி), அதன் வழியே துகள்களுக்கு மின்மம் ஏற்றி, பின் அத்துகள்களை எதிர்முனைத் தட்டுகளில் படியச் செய்வதே இதன் அடிப்படை. நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையங்கள், சிமெண்ட் ஆலைகள், உலோக உருக்காலைகள், காகித ஆலைகள் ஆகியவற்றில் இது பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றது. ஆலைகளில் பணிபுரிவோர் இதனை ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஈ.எஸ்.பி. என்றே அழைப்பர்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஏறத்தாழ முழுமையாகத் தீர்ந்துவிட்ட ஒரு சிக்கலின் தீர்வு போலத் தோன்றும். நல்ல நிலையில் உள்ள ஒரு ஈ.எஸ்.பி. தன்னுள் நுழையும் சாம்பலில் 99.9 விழுக்காட்டையும் அதற்கு மேலும் பிடித்துவிடும். ஆயினும் காற்றின் தூய்மையைத் தீர்மானிப்பது பிடிபடும் அந்தப் பெரும்பகுதி அன்று, பிடிபடாமல் தப்பும் சிறுபகுதியே ஆகும். இந்திய நிலக்கரியின் தன்மை அச்சிறுபகுதியைக் குறைப்பதைக் கடினமாக்குகின்றது.

தருமபுரியும் மேட்டூரும்

தருமபுரி மாவட்டத்திற்குள் பெரிய அனல்மின் நிலையம் எதுவும் இல்லை. ஆனால் அதன் எல்லையை ஒட்டி, சேலம் மாவட்டத்தின் மேட்டூர் வட்டத்தில், மேட்டூர் அனல்மின் நிலையம் உள்ளது. (1965 வரை தருமபுரியும் சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.) ஒகேனக்கல்லைக் கடந்து தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் வட்டத்தை ஒட்டி ஓடிவரும் காவிரி, மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அந்நீர்த்தேக்கத்தின் அருகாமையே நிலையம் இங்கு அமைய வழிவகுத்தது. நிலக்கரியோ தொலைவில் ஒடிசா மாநிலத்தின் சுரங்கங்களிலிருந்து கப்பலிலும் தொடர்வண்டியிலும் வர வேண்டும்.

இந்நிலையத்தின் முதல் நான்கு அலகுகள், ஒவ்வொன்றும் 210 மெகாவாட் திறனுடையவை, 1987 முதல் 1990 வரையிலான காலத்தில் இயங்கத் தொடங்கின. 600 மெகாவாட் திறனுடைய இன்னோர் அலகு 2013 ஆம் ஆண்டு முழுப் பயன்பாட்டிற்கு வந்தது.

மேட்டூருக்கு வடகிழக்கே தருமபுரி அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் காற்று பெரும்பாலும் அத்திசை நோக்கியே செல்லும். உயரமான புகைபோக்கி துகள்களைக் குறைப்பதில்லை, அவற்றைத் தொலைவு வரை பரப்பி ஓரிடத்தில் செறியாமல் மட்டும் பார்த்துக்கொள்கின்றது. இந்திய விதிகளின்படி 210 மெகாவாட் அளவிலான அலகுகளுக்கு 220 மீட்டர் உயரப் புகைபோக்கி தேவை. எனவே ஒரு மாவட்டத்தின் புகைபோக்கி அடுத்த மாவட்டத்தின் செய்தியாகவும் ஆகிவிடுகின்றது. புகைபோக்கிக்கு முன்பாகத் துகள்களை உண்மையில் நீக்கும் இடம் ஈ.எஸ்.பி. ஒன்றே.

இயங்கும் முறை

வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு ஈ.எஸ்.பி. என்பது கொதிகலனுக்கும் புகைபோக்கிக்கும் இடையே தூண்களின் மேல் நிற்கும் ஒரு மாபெரும் எஃகுப் பெட்டி. அதன் அடியில் கூம்பு வடிவத் தொட்டிகள் வரிசையாகத் தொங்கும். பெட்டியின் உள்ளே, பல மீட்டர் உயரமுள்ள எஃகுத் தட்டுகள் சுவர்கள் போல இணையாகத் தொங்கவிடப்பட்டிருக்கும். அடுத்தடுத்த இரு தட்டுகளுக்கு இடையே 300 அல்லது 400 மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியின் நடுவே மெல்லிய கம்பிகளோ முள் போன்ற நீட்டங்கள் கொண்ட பட்டைகளோ பொருத்தப்பட்டிருக்கும். தட்டுகள் புவியுடன் இணைக்கப்பட்டுள்ளன. கம்பிகளுக்கு, மின்மாற்றி வழியாக உயர்த்தப்பட்டு மின்திருத்தி வழியாக நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்ட, 40,000 முதல் 80,000 வோல்ட் வரையிலான எதிர் மின்னழுத்தம் தரப்படும்.

மெல்லிய கம்பியின் மேற்பரப்பில் மின்புலம் மிகவும் செறிந்திருக்கும். இடிதாங்கியின் கூர்முனையில் நிகழ்வது போன்ற செயலே இங்கும் நிகழ்கின்றது. கம்பியை ஒட்டிய வளிமத்தில் தற்செயலாக இருக்கும் எதிர்மின்னிகள் (எலக்ட்ரான்கள்) பெருவிரைவு பெற்று, வளிம மூலக்கூறுகளை மோதி மேலும் எதிர்மின்னிகளை விடுவிக்கின்றன. இவ்வாறு கம்பியைச் சுற்றி மங்கலான நீலநிற ஒளி தோன்றும். இதற்கு ஒளிவட்ட மின்னிறக்கம் என்று பெயர். கம்பியிலிருந்து விலகிச் செல்லும் எதிர்மின்னிகள் ஆக்சிசன், நீராவி, கந்தக டைஆக்சைடு ஆகியவற்றின் மூலக்கூறுகளில் ஒட்டிக்கொண்டு எதிர்மின்ம அயனிகளை உருவாக்குகின்றன. கம்பிக்கும் தட்டிற்கும் இடைப்பட்ட வெளியின் பெரும்பகுதி இந்த அயனிகளால் நிறைந்திருக்கும்.

இந்த வெளியினூடே சாம்பல் கலந்த புகை, நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் என்னும் நிதானமான வேகத்தில் செல்கின்றது. மனிதர் நடக்கும் வேகத்தை விடவும் இது குறைவு. அயனிகள் சாம்பல் துகள்களின் மேல் வந்து அமர, துகள்கள் எதிர்மின்மம் பெறுகின்றன. மின்மம் பெற்ற துகளை மின்புலம் தட்டை நோக்கி இழுக்கின்றது. ஒரு மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களில் மின்புலமே அயனிகளை நேராகக் கொண்டுவந்து சேர்க்கும். மிக நுண்ணிய துகள்களில் அயனிகளின் ஒழுங்கற்ற வெப்ப இயக்கம் அப்பணியைச் செய்கின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவில், அதாவது ஒரு மைக்ரோமீட்டரின் பத்தில் சில பங்கு அளவில் உள்ள துகள்கள், எந்த வழியிலும் போதிய விசை பெறாமல் தப்பிவிடுகின்றன. மூச்சின் வழியே நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவையும் இத்தகைய துகள்களே என்பது கவனிக்கத்தக்கது.

தட்டில் படிந்த சாம்பல் ஓர் ஏடு போலச் சேரும். குறிப்பிட்ட இடைவெளியில் சுத்தியல்கள் தட்டுகளைத் தட்ட, அந்த ஏடு உடைந்து கீழேயுள்ள தொட்டிகளில் விழும். தட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. அடிக்கடி தட்டினால் சாம்பல் ஏடாகச் சேராமல் தூளாக உதிர்ந்து மீண்டும் புகையுடன் கலந்துவிடும். தட்டாமல் விட்டால் ஏடு தடித்து மின்னோட்டத்தைத் தடுக்கும். ஆகவே முன்வரிசைத் தட்டுகளை அடிக்கடியும், பின்வரிசைத் தட்டுகளை நீண்ட இடைவெளியிலும் தட்டுவது வழக்கம்.

துணிப்பை வடிகட்டியில் புகை முழுவதும் துணியைத் துளைத்துச் செல்ல வேண்டும். ஈ.எஸ்.பி.யில் விசை துகளின் மேல் மட்டுமே செயற்படுகின்றது, வளிமம் தடையின்றிச் செல்கின்றது. இதனால் இது செலவிடும் ஆற்றல் மிகக் குறைவு. மின்நிலையம் ஆக்கும் மின்னாற்றலில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவே இதற்குத் தேவைப்படுகின்றது.

வரலாறு

மின்னிறக்கத்தால் புகை தெளிவடைவதை செருமனியின் லைப்சிக் நகரில் ஓல்ஃபெல்டு என்பவர் 1824 ஆம் ஆண்டிலேயே ஒரு குடுவைக்குள் செய்து காட்டினார். பின்னர் இங்கிலாந்து இயற்பியலாளர் ஆலிவர் லாட்ச், 1880-களில் இதே விளைவை ஆராய்ந்தார். அதனைப் பின்பற்றி 1885 இல் வேல்சு நாட்டின் பாகில்ட் என்னும் ஊரிலுள்ள ஈய உருக்காலையில் ஒரு கருவி நிறுவப்பட்டது. அது தோல்வியில் முடிந்தது. கையாலோ பொறியாலோ சுழற்றப்படும் விம்சர்சு நிலைமின் எந்திரம் போதிய மின்னோட்டத்தைத் தரவில்லை. அத்துடன் ஈயப் புகையின் துகள்கள் மின்னை எளிதில் கடத்தாதவை. பிற்காலத்தில் இந்தியப் பொறியாளர்கள் எதிர்கொண்ட இடர் முதல் முயற்சியிலேயே தலைகாட்டிவிட்டது எனலாம்.

வெற்றி கண்டவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த வேதியியலாளர் பிரெடரிக் கார்ட்னர் காட்ரெல் (1877 - 1948). கந்தக அமிலப் பனிமூட்டத்தைப் பிடிக்கும் நோக்கில் அவர் ஆய்வைத் தொடங்கினார். உயர் மின்னழுத்த மின்மாற்றியும் எந்திர மின்திருத்தியும் அப்போது கிடைக்கத் தொடங்கியிருந்தன. பருத்தி நூல் சுற்றப்பட்ட கம்பியில், நூலிழைகளின் நுனிகள் தோறும் மின்னிறக்கம் ஒளிர்வதை அவர் கண்டார். வெறுங்கம்பியை விட இழைகள் நிறைந்த பரப்பு சிறப்பாகச் செயற்படும் என்பதை உணர்ந்தார். இன்றைய முட்பட்டைக் கம்பிகளின் முன்னோடி இதுவே. 1908 இல் அவருக்குக் காப்புரிமம் கிடைத்தது. அதன் வருவாயைத் தாம் வைத்துக்கொள்ளாமல், அறிவியல் ஆய்வுகளுக்கு நிதியளிக்கும் பொருட்டு 1912 இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி அதனிடம் காப்புரிமங்களை ஒப்படைத்தார். நிலக்கரித் தூளை எரிக்கும் மின்நிலையத்தில் இக்கருவி முதன்முதலாக 1923 இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அருகில் நிறுவப்பட்டது.

தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையில் உள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) கொதிகலன் துணைப்பொறிகள் ஆலை, ஈ.எஸ்.பி.க்களை உருவாக்கி இந்தியாவின் பல அனல்மின் நிலையங்களுக்கு வழங்கியுள்ளது.

சாம்பலின் மின்தடை எண்

ஒரு நாட்டில் நன்கு வேலை செய்யும் ஈ.எஸ்.பி. வேறொரு நாட்டின் நிலக்கரியுடன் ஏன் தடுமாறுகின்றது என்பதற்கு விடை சாம்பலின் மின்தடை எண்ணில் உள்ளது.

தட்டில் வந்து படியும் துகள் தன் மின்மத்தைத் தட்டிற்குள் கசியவிட வேண்டும். மின்தடை எண் மிகக் குறைவாக இருந்தால் (ஓம்-சென்டிமீட்டர் அலகில் ஏறத்தாழ பத்தாயிரத்திற்கும் கீழ்) துகள் தன் மின்மத்தை உடனே இழந்து, பிடிப்பின்றி மீண்டும் புகையில் எழும். எரியாத கரித்துகள் இவ்வாறு நடந்துகொள்ளும். மின்தடை எண் மிகுதியாக இருந்தால் (ஏறத்தாழ பத்தாயிரம் கோடிக்கும் மேல்) மின்மம் கசிய வழியின்றி ஏட்டின் மேற்பரப்பிலேயே தேங்கும். ஏட்டின் குறுக்கே மின்னழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் ஏடே துளைபட்டு அங்கிருந்து நேர்மின்ம அயனிகள் வெளிப்படத் தொடங்கும். இதனைப் பின்னிறக்கம் என்பர். இந்த நேர்மின்ம அயனிகள், எதிரே வரும் துகள்களின் எதிர்மின்மத்தை நீக்கிவிடுகின்றன. அளவிகள் மிகுந்த மின்னோட்டத்தைக் காட்டும், ஆனால் சாம்பல் பிடிபடாது. அளவியை மட்டும் நம்பும் இயக்குநர் ஏமாறக்கூடிய இடம் இது.

இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 விழுக்காடு வரை உள்ளது. கந்தகமோ பெரும்பாலும் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. கந்தகம் குறைவாக இருப்பது வேறு வகையில் நன்மையே. ஆனால் கந்தகம் எரிந்து உண்டாகும் கந்தக டிரைஆக்சைடு, துகள்களின் மேல் மென்படலமாகப் படிந்து மின்கடத்தலுக்கு உதவும். அது இல்லாததாலும், சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் மிகுந்திருப்பதாலும் மின்தடை எண் மிக உயர்ந்துவிடுகின்றது. புகை ஈ.எஸ்.பி.க்குள் நுழையும் 130 முதல் 150 பாகை செல்சியசு வெப்பநிலையிலேயே அது உச்சத்தை ஒட்டியும் இருக்கின்றது.

இதற்குப் பல தீர்வுகள் கையாளப்படுகின்றன. ஈ.எஸ்.பி.யைப் பெரிதாகக் கட்டுவது முதலாவது. மின்னழுத்தத்தைத் தொடர்ச்சியாகத் தராமல், இடைவெளி விட்டுத் துடிப்புகளாகத் தருவது மற்றொன்று. இதனால் ஏட்டில் தேங்கிய மின்மம் கசிவதற்கு நேரம் கிடைக்கின்றது. புகையில் சிறிதளவு அம்மோனியாவைச் செலுத்தும் முறை இந்திய மின்நிலையங்களில் பயன்படுத்தப்பட்டுள்ளது. சிமெண்ட் ஆலைகளில் நீரைத் தூவிப் புகையைக் குளிர்வித்த பின்னரே ஈ.எஸ்.பி.க்கு அனுப்புவர்.

கடைசி ஒரு விழுக்காடு

ஈ.எஸ்.பி.யின் செயல்திறனுக்கான அடிப்படை வாய்பாட்டை 1922 இல் செருமானியரான டாய்ச் வருவித்தார். தட்டுகளின் பரப்பு கூடக்கூட, தப்பும் துகள்களின் அளவு அடுக்குக்குறி முறையில் குறையும் என்பது அதன் சாரம். ஒரு குறிப்பிட்ட பரப்பு 90 விழுக்காட்டைப் பிடித்தால், இருமடங்கு பரப்பு 99 விழுக்காட்டையும், மும்மடங்கு பரப்பு 99.9 விழுக்காட்டையும் பிடிக்கும். முதல் 90 விழுக்காட்டிற்கு ஆன அதே செலவு, கடைசி 0.9 விழுக்காட்டிற்கும் ஆகின்றது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு 210 மெகாவாட் அலகு நாளொன்றுக்கு 3,000 டன் நிலக்கரியை எரிப்பதாகவும், அதில் 40 விழுக்காடு சாம்பல் என்றும் கொள்வோம். மொத்தச் சாம்பல் 1,200 டன். அதில் ஐந்தில் ஒரு பங்கு கொதிகலனின் அடியில் விழ, மீதமுள்ள 960 டன் புகையுடன் பறந்து செல்லும். மூன்று சம பகுதிகள் கொண்ட ஒரு ஈ.எஸ்.பி. 99.9 விழுக்காட்டைப் பிடித்தால் 960 கிலோகிராம் வெளியேறும். மூன்றில் ஒரு பகுதி பழுதாகி நின்றால் செயல்திறன் 99 விழுக்காடாகக் குறையும், வெளியேறுவது 9,600 கிலோகிராம் ஆகிவிடும். செயல்திறன் எண்ணில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவான மாற்றம், ஊரின் மேல் பத்து மடங்காக விழுகின்றது. (நடைமுறையில் ஈ.எஸ்.பி.யில் பல பகுதிகள் இருக்கும். பின்பகுதிகளைச் சேரும் துகள்கள் நுண்ணியவை ஆதலால் கணக்கு இவ்வளவு சீராகவும் இராது.)

ஒரு கம்பி அறுந்து தட்டின் மேல் சாய்ந்தால் அப்பகுதி முழுவதும் குறுக்குச்சுற்றாகி நின்றுவிடும். தொட்டி நிரம்பிச் சாம்பல் தட்டு வரை ஏறினாலும் அவ்வாறே. உள்ளே சென்று சரிசெய்ய வேண்டுமாயின் அலகை நிறுத்தி, குளிர்வித்து, மின்முனைகளைப் புவியுடன் இணைத்த பின்னரே நுழைய இயலும். ஆனால் ஈ.எஸ்.பி.யின் ஒரு பகுதி நின்றதால் மின்னாக்கம் நிற்பதில்லை. கொதிகலனின் குழாய் வெடித்தால் அலகு உடனே நிற்கும், ஈ.எஸ்.பி. கெட்டால் விளக்குகள் எரிந்துகொண்டேயிருக்கும். பராமரிப்பில் இது பின்தள்ளப்படுவதற்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

அலகைத் தொடங்கும்போது எண்ணெய் எரிக்கப்படும் சில மணி நேரத்தில் ஈ.எஸ்.பி. பொதுவாக முழுமையாக இயக்கப்படுவதில்லை. எரியாத எண்ணெய்ப் படலம் தட்டுகளில் படியும் என்பதும், பொறியால் தீப்பிடிக்கலாம் என்பதும் இதற்குக் காரணங்கள். புகைபோக்கியில் அவ்வப்போது கரும்புகை தெரிவதற்கு இதுவும் ஒரு விளக்கம்.

விதிகள்

இந்திய நடுவண் அரசு 2015 திசம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, ஒரு கனமீட்டர் புகைவளிமத்தில் துகள்களின் அளவு, 2003 முடிவதற்குள் நிறுவப்பட்ட அலகுகளில் 100 மில்லிகிராமையும், 2004 முதல் 2016 வரை நிறுவப்பட்டவற்றில் 50 மில்லிகிராமையும், அதன் பின் வந்தவற்றில் 30 மில்லிகிராமையும் மிஞ்சலாகாது. இதற்கு முன் 210 மெகாவாட் அலகுகளுக்கு 150 மில்லிகிராம் வரை இசைவு இருந்தது. இதன்படி மேட்டூரில் ஒரே வளாகத்திற்குள் பழைய நான்கு அலகுகளுக்கு ஒரு வரம்பும் புதிய அலகிற்கு அதில் பாதி வரம்பும் பொருந்தும்.

மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியில் தொடர் அளவிகளைப் பொருத்த வேண்டும் என நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 இல் பணித்தது. அனல்மின் நிலையங்களும் அவற்றுள் அடங்கும். மேற்கூறிய பத்து மடங்கு வேறுபாட்டை உடனுக்குடன் காட்டவல்லது இத்தகைய தொடர் அளவி மட்டுமே. ஆண்டிற்குச் சில முறை எடுக்கப்படும் மாதிரியால் அது இயலாது.

இக்கருவி பொருந்தாத இடங்கள்

ஈ.எஸ்.பி. துகள்களை மட்டுமே பிடிக்கும். கந்தக டைஆக்சைடு, நைதரசன் ஆக்சைடுகள், பாதரச ஆவி போன்றவை இதன் வழியே தடையின்றிச் செல்லும். கந்தக டைஆக்சைடுக்கும் 2015 விதிகள் வரம்பு விதித்திருந்தன. அதற்கான காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 சூலையில் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு அக்கட்டாயம் தளர்த்தப்பட்டது. உயர் மின்னழுத்தத்தைக் கொண்டே இவ்வளிமங்களையும் நீக்க இயலுமா என்னும் ஆய்வுகள் உண்டு. புகையின் மேல் எதிர்மின்னிக் கற்றையைச் செலுத்தி, அம்மோனியாவுடன் வினைபுரியச் செய்து, அவற்றை உரமாக மாற்றும் அமைப்பு போலந்து நாட்டின் பொமொர்சானி மின்நிலையத்தில் இயக்கப்பட்டது. அம்முறை பரவலாகவில்லை.

தருமபுரி மாவட்டத்தின் சொந்தத் தொழில்களை எடுத்துக்கொண்டால், பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. சர்க்கரை ஆலைக் கொதிகலன்களில் எரிக்கப்படுவது கரும்புச் சக்கை. சக்கைச் சாம்பலில் எரியாத கரி மிகுந்திருப்பதால், நிலக்கரிச் சாம்பலுக்கு நேர்மாறான இடர் எழுகின்றது. மின்தடை எண் குறைந்து, பிடிபட்ட துகள் மீண்டும் எழுவதோடு, தொட்டியில் சேர்ந்த கரி தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே இத்தகைய கொதிகலன்களில் நீரால் புகையைக் கழுவும் கருவிகள் பெரிதும் பயன்படுகின்றன. கருங்கல் குவாரிகளிலும் கல் உடைக்கும் கிரசர்களிலும் எழும் தூசி குழாய்க்குள் செல்வதே இல்லை, திறந்த வெளியில் பரவுகின்றது. அங்கு ஈ.எஸ்.பி.க்கு இடமில்லை. நீர் தெளித்தலும், எந்திரங்களைத் தகடுகளால் மூடுதலும், காற்றுத் தடுப்புச் சுவர்களும்தாம் வழி.

வீடுகளில் வைக்கப்படும் சில காற்றுத் தூய்மிகளும் இதே தத்துவத்தில் இயங்குபவை. எதிர்முனை மின்னிறக்கம் ஓசோனை மிகுதியாக உண்டாக்கும் என்பதால், அவற்றில் பொதுவாக நேர்முனை மின்னிறக்கம் பயன்படுத்தப்படும்.

பிடிபட்ட சாம்பல்

தொட்டிகளில் சேரும் பறக்கும் சாம்பல், காற்றழுத்தத்தால் குழாய் வழியே சேமிப்புக் கலன்களுக்குக் கொண்டு செல்லப்படும். உலர்ந்த நிலையில் இது போர்ட்லாந்து போசொலானா சிமெண்டிலும், சாம்பல் செங்கற்களிலும் பயன்படுகின்றது. நீருடன் கலந்து குழம்பாக்கி ஏரி போன்ற பெருங்குட்டைகளுக்கு அனுப்பும் பழைய முறையில், குட்டை காய்ந்தபின் அதே சாம்பல் காற்றில் எழும். நிலக்கரி நிலையங்களின் சாம்பலைப் பயன்படுத்துவது குறித்த முதல் அறிவிக்கையை நடுவண் அரசு 1999 இல் வெளியிட்டது. 2021 திசம்பரில் வந்த அறிவிக்கை, சாம்பலைப் பயன்படுத்தாத நிலையங்களுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீடு விதிக்க வகைசெய்தது. ஈ.எஸ்.பி.யின் முன்வரிசைத் தொட்டிகளில் பருமனான சாம்பலும், பின்வரிசைத் தொட்டிகளில் மாவு போன்ற நுண்சாம்பலும் சேரும். சிமெண்ட் ஆலைகள் விரும்பிக் கேட்பது இந்தப் பின்வரிசைச் சாம்பலையே.